டாக்டர் சொன்னால் சரி

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாமனாரும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? நடுவில் தூது போக ஒருத்தி இருந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். அந்த ஒருத்திதான் பாப்பா.

பாப்பா என்றதும் ரெட்டைச் சடைச் சிறுமியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கல்யாணமாகி, காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயது அவளுக்கு. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அப்பா கூப்பிட்ட செல்லப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அம்மா போன பிறகு அப்பா இவள் வீட்டோடு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கும் அதில் முழு சம்மதம். எல்லாம் அந்தக் காய்ச்சல் வரும்வரை நன்றாகத்தான் இருந்தது.

காய்ச்சலில் கிடந்த மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து, "மாமா, கொஞ்சம் தண்ணி" என்று கூப்பிட்டிருக்கிறார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமனார் பேப்பரையும் மடிக்கவில்லை, தலையையும் திருப்பவில்லை. கடைசியில் மாப்பிள்ளை தானே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்று, ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க மனசு வரவில்லையா என்று கேட்டபோது, பெரியவர் நிதானமாக, "படிச்சிட்டு இருந்தேன்" என்றாராம். மனசாட்சி இல்லாத மனுஷன் என்று மாப்பிள்ளை வாயை விட்டார். பெரியவர் மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார். பாப்பா வேலை முடிந்து வந்து பார்த்தால், ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்துதான் தூது. "பேப்பர் வந்தாச்சுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா." "குளிச்சாச்சான்னு உங்கப்பாவைக் கேளு." இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே கூடத்தில்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் பழைய பைக் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மருந்து கம்பெனியில் லைன் வேலை அவருக்கு. கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். சுற்று வட்டார ஊர்களையெல்லாம் சேர்த்துப் புது லைன் ஒன்று கொடுத்திருந்தார்கள். விடுமுறை முடிந்த மறுநாள் காலை அதில் இறங்கவில்லை என்றால், கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற இன்னொருத்தருக்குப் போய்விடும். புது வண்டி வாங்கக் கையில் தெம்பில்லை. பழைய வண்டிதான் கதி.

பழைய வண்டி என்றால் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். வீட்டிலேயே இருந்தார் ஆள்.

பாப்பாவின் அப்பா பஸ் கம்பெனிப் பட்டறையில் இன்ஜின் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நீள ஸ்க்ரூடிரைவர், அவர் பாஷையில் திருப்புளி, அதன் முனையை ஓடுகிற இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த வால்வு அடிக்கிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலவே இருக்கும் என்பதால் பட்டறையில் வைத்த பெயர் டாக்டர். தெருவில் யார் பழைய வண்டி வாங்கினாலும் டாக்டரைக் கூட்டிப் போவார்கள். மனுஷ டாக்டரிடம் மட்டும் அவரை யாராலும் கூட்டிப் போக முடிந்ததில்லை. அது வேறு கதை.

விடுமுறைக்கு முந்தின நாள் மாலை மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு ஒரு வண்டி பாக்கப் போறேன். மாமா வந்து பாத்தா நல்லாயிருக்கும்."

மாமா. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எவ்வளவு நாளாயிற்று. பாப்பாவுக்கு அடுப்பில் இருந்த பாலைக்கூட மறந்துபோயிற்று. ஓடிப்போய் அப்பா எதிரில் நின்று சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, காலையில் யாரும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாது என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடச் சொன்னார். சூடேறின இன்ஜின் எந்த வியாதியையும் மறைத்துவிடுமாம்.

அன்று ராத்திரியே பரணிலிருந்து திருப்புளி இறங்கிவிட்டது.

மறுநாள் விடுமுறை. மூன்று பேருமாக பஸ் பிடித்துப் போனார்கள். வண்டிக்காரர் சின்னதாக அச்சகம் வைத்திருப்பவர். நகக்கண்ணில் மை போகாத கை. வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. கறுப்பு வண்டி. துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார்.

அப்பா வண்டியைப் பார்க்கவில்லை. முதலில் வண்டிக்காரரைக் கொண்டே வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி, அது ராத்திரி நின்ற தரையைக் குனிந்து பார்த்தார். எண்ணெய்ச் சொட்டு இல்லை. அப்புறம் இன்ஜின்மேல் புறங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது போலிருக்கிறது, தலையை ஆட்டிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மீட்டரில் ஓடியிருந்த தூரம் குறைவு. அதை ஏறிட்டும் பார்க்காமல், கால் வைக்கிற ரப்பரையும் பிரேக் மிதியையும் விரலால் தடவினார். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், தேய்ந்த ரப்பரைத் திருப்பி வைக்க முடியாது என்றார். ரப்பர் சரியாகவே இருந்தது. முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லிச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகப் பார்த்தார். டயர் ஒரே பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று தடவினார். கைப்பிடியை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பி, நடுவில் எங்காவது சிக்குகிறதா என்று பார்த்தார். சேஸியில் அடித்திருந்த நம்பரைத் துணியால் துடைத்து, பேப்பரில் இருக்கிற நம்பரோடு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். மூடியைத் திறந்து டேங்குக்குள் டார்ச் அடித்தார்.

"துரு இல்ல. ஆனா டேங்க்குக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கு. எங்க விழுந்தது?" என்றார்.

வண்டிக்காரர் அசந்துபோனார். மகன் கேட்டில் உரசிவிட்டான் என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை பெருமையோடு பாப்பாவைப் பார்த்தார். எங்க மாமா எப்படி என்று கேட்கிற பார்வை. பாப்பாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இப்படியே இந்தக் காலை முடிந்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. அப்பா பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. கையைக் குழாய்க்கு நேரே காட்டி முகர்ந்து பார்த்தார். பிறகு இன்ஜின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க."

வண்டிக்காரர் கைப்பிடியை முறுக்கினார். அப்போதுதான் பாப்பாவுக்குக் கேட்டது.

டொக். டொக். டொக்.

இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் சத்தம். வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. வேகம் குறைந்ததும் பதுங்கிக்கொண்டது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன பட்டறையில், இந்தச் சத்தம் போடுகிற பஸ்களைத் தனியாக ஒரு மூலையில் நிறுத்தியிருப்பார்கள். "இன்ஜின் தட்டுது" என்பார்கள். அப்படிச் சொன்னால், மேலே கைவைத்துப் பிரயோசனமில்லை, முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம். சாப்பாட்டுக் கூடை தூக்கிப் போன பிள்ளைக்கே தெரிந்த சத்தம் அது.

அப்பா திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்தார். பிடியைக் காதோடு அழுத்தினார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். இடம் மாற்றி வைத்தார். மறுகாதுக்கு மாற்றினார்.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, திருப்புளியின் பிடியை வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டார்.

அப்பா அப்படிச் செய்து பாப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. காதில் விழாததைப் பல் வழியாக, மண்டை எலும்பு வழியாகப் பிடிக்கப் பார்க்கிறார். அவ்வளவு நெருக்கத்தில், தள்ளி நிற்கிற இவளுக்கே கேட்கிற அந்தத் தட்டல் அவருக்குக் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

 அவள் வேலை பார்க்கிற கடையில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் காது மெஷின்களும் இருக்கும். மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் நாலு ஃபிரேமைப் போட்டுப் பார்த்து, எனக்கு எது எடுப்பாக இருக்கிறது என்று கடை முழுக்கக் கேட்பார்கள். காது மெஷின் கேட்டு வருகிறவர்கள் கடை காலியாகும்வரை வெளியே நிற்பார்கள். அப்படி நிற்பவர்களைத் தூரத்திலேயே கண்டுகொள்கிறவள், ஒரே வீட்டில் இருக்கிறவரைக் கோட்டை விட்டுவிட்டாள்.

அப்பா வாயிலிருந்து திருப்புளியை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வெண்ணெய் மாதிரி ஓடுது மாப்பிள்ளை. கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். இன்ஜின் சங்கதி எதுவும் தெரியாது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் சத்தம் போடத்தானே செய்யும் என்று நினைத்திருப்பார். அதைவிட முக்கியம், மாமா தன்னை நேருக்கு நேராக மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. அவர் முகம் அப்படி மலர்ந்ததை பாப்பா காய்ச்சலுக்குப் பிறகு பார்க்கவேயில்லை. "நீங்க சொன்னா சரி மாமா" என்றார்.

பாப்பா வண்டிக்காரரைப் பார்த்தாள். அவர் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தலையைக் குனிந்து நகத்து மையைச் சுரண்ட ஆரம்பித்தார். இவருக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை மாமனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெருக்கோடியில் அவர்கள் திரும்பும்வரை பாப்பா பொறுத்திருந்தாள்.

"எவ்வளவு நாளா இந்த சத்தம்?" என்று கேட்டாள்.

வண்டிக்காரர் தெருக்கோடியைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "அதான் பெரியவரே பாத்துட்டாரேம்மா" என்றார்.

அவர்மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. அவர் ஒளித்தார் என்றால் இவளும்தானே ஒளித்துக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். வண்டி தட்டுதுங்க, வேண்டாங்க. மூன்றே வார்த்தை, அதைச் சொன்னால் போதும். ஆனால் சொன்ன அடுத்த நிமிஷம் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில், டாக்டர் கையில் திருப்புளியோடு நிற்பார்.

வண்டி திரும்பி வந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவர் தோள் குலுங்கும்போதெல்லாம் பின்னால் அப்பாவும் சிரித்தார். தோள் நின்றதும் நிறுத்திக்கொண்டார். பாப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன சொல்றே, பேசி முடிச்சிடலாமா?" என்று மாப்பிள்ளை அவளிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எனக்கு இந்தக் கலர் பிடிக்கலைங்க. வேற பாக்கலாமே."

மாப்பிள்ளை சிரித்தார். கலரா ஓடப் போகிறது என்றார். வேண்டுமானால் அவள் உட்காருகிற பின் சீட்டுக்கு மட்டும் ரோஸ் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். மாமா சரி என்று சொன்ன பிறகு இன்னொரு வண்டி பார்த்தால் மாமாவுக்கு என்ன மரியாதை என்றும் கேட்டார். அவள் இன்னும் ஒரு தடவை, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம் என்று இழுத்துப் பார்த்தாள். நாளைக்கு லைன் என்பதை மறந்துவிட்டாயா என்றார். அதற்குமேல் அவளுக்குத் தைரியம் இல்லை.

பணம் கை மாறியது. சாவி கை மாறியது. வண்டி கை மாறிய பிறகு எதற்கும் தன்னிடம் வரக் கூடாது என்று வண்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மாப்பிள்ளை ஆயில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வண்டியில் போனார். அப்பாவும் மகளும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கட்டிலில் உட்காரக்கூட இல்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மாப்பிள்ளை வழியில் என்னென்ன சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல், "நல்லா பேசினார்மா, ரொம்ப நல்லா பேசினார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சாப்பிடும்போது இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அம்மா போனதிலிருந்து அவர் கேட்டு வாங்கினதே இல்லை.

எதிரில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்த பாப்பாவுக்கு அம்மாவின் முழங்கை ஞாபகம் வந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் அம்மா அப்பாவை விலாவில் ஓர் இடி இடித்து, "உங்களைத்தான், சௌக்கியமான்னு கேக்கறாங்க" என்பாள். கேட்டதையே திருப்பிச் சொல்கிற கிளிப்பிள்ளை என்று பாப்பாகூட எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். அம்மா கிளிப்பிள்ளை இல்லை. அப்பாவின் காது. அந்தக் காதுதான் அவரை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்படியானால் அந்தக் காய்ச்சல் நாள்? மாப்பிள்ளை கூப்பிட்டது எதுவும் அவர் காதில் விழவில்லை. ஆள் எதிரே வந்து நின்று கேட்டபோதுதான் என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குக் கேட்கலை மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதைச் சொல்வதைவிட, தண்ணீர் கொடுக்க மனசில்லாதவன் என்ற பெயர் தேவலை என்று முடிவு செய்துவிட்டார்.

பாப்பாவுக்கு அடக்க முடியவில்லை. தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பழக்க தோஷத்தில்தான் குழாயைத் திறந்தாள். திறக்காமல் அழுதிருந்தாலும் கூடத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அப்பா எதிரில் உட்கார்ந்து பேசிவிடுவது என்று தீர்மானித்தாள். அவர் திருப்புளிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்து, "நாளைக்கு அவர் லைன் கிளம்பறதுக்கு முன்னாடி செயினை நானே டைட் பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. மாப்பிள்ளை தள்ளிக்கொண்டு வந்தார்.

சட்டை முழுக்க வியர்வை. வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்தார்.  ஆயில் மாற்றுகிற கடையில், இவர் வண்டியை நிறுத்துவதற்கு முன்பாகவே மெக்கானிக் கேட்டானாம், இன்ஜினைப் பிரிக்கவா கொண்டு வந்தீர்கள் என்று. இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டும் யாராவது வாங்குவார்களா, பார்க்கத் தெரிந்தவர் யாரையும் கூட்டிப் போகவில்லையா என்றும் கேட்டானாம். இந்த இன்ஜினோடு ஊர் எல்லையைத் தாண்ட முடியாது, இடையில் எங்காவது இறுகிப் பூட்டிக்கொண்டால் ஆளையே தூக்கி எறிந்துவிடும் என்றானாம்.

இதையெல்லாம் அவர் பாப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. அதன் பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

"மாமா, ஊர்ல எல்லாருக்கும் தெரியும் உங்க காதைப் பத்தி. அந்த மெக்கானிக் தெருவுலேர்ந்து கேட்டான். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டீங்க. உங்களுக்குத் தப்பியிருக்கவே முடியாது."

அப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் வாங்கச் சொன்னீங்களா?"

அப்பாவின் பார்வை ஒரு கணம் வாசலுக்குப் போயிற்று. வண்டியைப் பார்த்தார். இன்ஜினில் ஏதோ இருந்திருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. அந்த முகம் ஒடுங்கிப்போனதை பாப்பா பார்த்தாள். பிறகு அவர் பாப்பாவைப் பார்த்தார். அவள் கண்ணில் எதைக் கண்டாரோ, இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். சொல்லாதே என்று கண்ணாலேயே கேட்டார். பெற்ற மகளிடம் அப்படிக் கெஞ்சி அவர் எதையும் கேட்டதில்லை.

"ஆமா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"அப்பா" என்றாள் பாப்பா. 

"ஏன் மாமா?"

"என்னை மனசாட்சி இல்லாதவன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை. மறந்துடுவேனா?"

 மாப்பிள்ளை சாவியை மேசைமேல் வைத்தார். அதை வைத்த விதத்திலேயே தெரிந்தது, கோபத்தைவிட மனசு விட்டுப்போய்விட்டது என்று. கீழே விழுந்து சாகட்டும் என்று நினைத்திருக்கிறாரே மனுஷன் என்று பாப்பாவிடம் மட்டும் முணுமுணுத்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

பாப்பா அப்பாவின் எதிரே வந்து நின்றாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. உதடு தெரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"கோபம்னா என்னைக்காவது தணியும்மா" என்றார் அப்பா. "கேக்காதவன்னு தெரிஞ்சா அப்புறம் என்கிட்ட யார் எதைக் கேப்பாங்க? அவரும் பேச மாட்டார். என்னை வச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசுவார். உங்கம்மா போனதுக்கப்புறம் பேச ஆளில்லாம இருக்கறது எப்படின்னு நான் பாத்துட்டேன்."

"நான் சொல்லிடப் போறேன்பா. என்னால முடியாது."

"நீ சொன்னேன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சை முடித்துக்கொள்ள அவருக்கு அது ஒன்று போதும்.

பாப்பா வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டுப் பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் வந்த அரவம் கேட்டும் நிமிரவில்லை.

"நாளைக்கு நான் போகலைன்னு கம்பெனிக்குச் சொல்லிட்டேன்" என்றார். "லைனை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. பரவாயில்ல. அதை எப்படியாவது பாத்துக்கலாம். ஆனா இனிமே உங்கப்பா முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான் தெரியலை. பெத்த அப்பா மாதிரி நினைச்சேன்."

பாப்பாவுக்குப் பின்னால் நிலைப்படியில் நிழலாடியது. அப்பாவும் எழுந்து வந்திருந்தார். மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்ல வந்தவரா, மகள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வந்தவரா, தெரியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் நின்றார். அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்துவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது.

"அப்பாவுக்குக் காது கேக்காதுங்க" என்றாள்.

மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"இன்னிக்கு அந்த சத்தமும் கேக்கலை. அன்னிக்கு நீங்க தண்ணி கேட்டதும் கேக்கலை. எதுவுமே கேக்கலைங்க அவருக்கு. அதைச் சொல்லிக்க வெக்கப்பட்டுட்டு, கெட்டவர்னு பேர் வாங்கிட்டிருக்கார்."

ஒவ்வொரு வார்த்தையையும் அவள் வாய்விட்டு, வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னாள். எதிர் வீட்டுப் பெண் துணியோடு திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போய், நிலைப்படியில் நின்றவர் மேல் விழுந்தது.

பெரியவர் அசையவில்லை. தடுக்கவில்லை. கோபப்படவில்லை. மகள் தன்னைக் காட்டிக்கொடுத்து முடித்த பிறகும், அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பது போல அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளைக்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் மாறியது. கோபம் வடிந்து, திகைப்பு வந்து, அதுவும் போய், கடைசியில் கண் கலங்கியது. மெதுவாகப் படியிலிருந்து எழுந்தார். பெரியவரைப் பார்த்து எதையோ சொல்ல வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை மட்டும் பாதி தூக்கினார்.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தார். தன்னை மாமா என்று கூப்பிட்ட முகத்தில் இப்போது வேறு ஏதோ இருப்பதைப் பார்த்தார்.

மகளின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா சொன்னே அவர்கிட்ட?"